படையிலிருந்து திரும்பியவரின் உடல் யார் பொறுப்பு?

(தருமபுரியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பட்டாளத்தில் பணியாற்றித் திரும்பிய தம் தந்தையின் நினைவாக ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு நடக்க வேண்டும் என்று இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் விரும்பினார்கள். வீரத்தைப் பற்றிப் பேசுவதற்குத் தமிழ்நாட்டில் பேச்சாளர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்கள் ஒரு மருத்துவனை அழைத்திருக்கிறார்கள். ஆகவே உடம்பைப் பற்றிப் பேசுகிறேன். பணி முடித்து ஊர் திரும்பியவரின் முழங்கால், முதுகு, காது, உறக்கம், மனம், இவற்றை யார் பார்த்துக்கொள்வது என்பதே என் பேச்சு.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படையில் பணியாற்றியவருக்கு மருத்துவம் கிடைக்க, அவர் பணியாற்றினார் என்ற ஒரே காரணம் போதுமானதாக இருக்க வேண்டும். அவருக்கு ஓய்வூதியம் உண்டா என்ற கேள்வியோடு மருத்துவத்தை முடிச்சுப் போடக் கூடாது. இன்று அந்த முடிச்சு இருக்கிறது. அது எப்படி விழுந்தது, யாரை இறுக்குகிறது, எப்படி அவிழ்க்கலாம் என்று பார்ப்போம்.

நடுகல்லும் புண்பட்டவனும்

நடுகற்கள் நிறைந்த மாவட்டம் இது. ஊரின் ஆநிரை மீட்டு மாண்டவனுக்கும், புலியோடு பொருது மாண்டவனுக்கும் கல் எடுத்தார்கள். தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போனால் அந்த வரிசையைப் பார்க்கலாம். மாண்டவனுக்குக் கல் கிடைத்தது. புண்பட்டுத் திரும்பியவனுக்கு என்ன கிடைத்தது?

அதற்கும் நம் இலக்கியத்தில் பதில் உண்டு. தொல்காப்பியம் புறத்திணையியலில் தொடாக்காஞ்சி என்று ஒரு துறையே வகுத்திருக்கிறது. புண்பட்ட கணவனைப் பேய் தீண்டாதபடி மனைவி காப்பது அதன் பொருள். புறநானூற்றின் 281ஆம் பாட்டு அந்தக் காட்சியை விரிக்கிறது. வீட்டில் வேப்பிலை செருகுகிறார்கள், வெண்கடுகு தூவுகிறார்கள், யாழும் குழலும் இசைக்கிறார்கள், காஞ்சிப் பண் பாடுகிறார்கள், நறும்புகை எழுப்புகிறார்கள். பாடியவர் அரிசில்கிழார். நம் தகடூர்ப் போரில் வீழ்ந்த எழினிக்கு இரங்கிப் பாடியவரும், தகடூரை எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்தில் பாடியவரும் அவர்தான். இந்த மண்ணில் நடந்த போரை அறிந்த ஒருவர், போருக்குப் பின் வீட்டுக்குள் நடப்பதையும் பார்த்து எழுதியிருக்கிறார்.

அந்தப் பாட்டில் மருத்துவம் முழுவதும் வீட்டுப் பெண்கள் கையில் இருக்கிறது. படை திரட்டிய வேந்தன் அங்கே இல்லை. புண் ஆற்றுவது குடும்பத்தின் பாடு என்பதுதான் அன்றைய ஏற்பாடு. இன்றைய குடியரசு அந்த ஏற்பாட்டை எவ்வளவு தூரம் மாற்றியிருக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

வருகிறவர் கிழவர் அல்லர்

ஓய்வுபெற்றவர் என்றதும் நரைத்த மீசைதான் நம் கண்ணுக்கு வருகிறது. ஆனால் சிப்பாய் 20 வயதை ஒட்டிச் சேருகிறார். 15 ஆண்டுப் பணியில் ஓய்வூதியத் தகுதி பெறுகிறார். எனவே பெரும்பாலோர் 40 வயதுக்கு முன்பின்னாகவே ஊருக்கு வந்துவிடுகிறார்கள். ஊர் வழக்கில் ‘பென்ஷன் வந்துட்டாரு’ என்கிறோம். அவருக்குப் பள்ளி போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்னும் 20 ஆண்டு உழைத்தாக வேண்டும். பலர் ஓசூர்த் தொழிற்சாலை வாசலிலோ பெங்களூர் அடுக்ககத்திலோ காவல் பணிக்குப் போகிறார்கள். பகலில் உறங்கி இரவில் விழித்திருக்கும் வேலை அது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்கு அது நல்லதல்ல.

படையில் இருக்கும்வரை ஆண்டுதோறும் உடற்பரிசோதனை உண்டு. மனம், செவி, கைகால், உடல்திறன், கண் என ஐந்தையும் அளந்து ‘ஷேப்’ என்ற தரத்தைக் கொடுப்பார்கள். ‘ஷேப்-1’ என்பது ஜவானின் பெருமை. வெளியே வந்ததும் அவரை அளக்க ஆளில்லை. கட்டாயப் பரிசோதனை நின்றுபோகிறது. நோய் மட்டும் நிற்பதில்லை.

என்னென்ன நோய்கள்? பீரங்கிப் படையில் இருந்தவருக்குக் காது மந்தம். பாரம் சுமந்து மலையேறியவருக்கு முதுகுத் தண்டிலும் முழங்காலிலும் தேய்மானம். உயரமான பகுதிகளில் குளிரில் கிடந்தவருக்குப் பனிக்கடியின் மிச்சம். குண்டடி பட்டவர்களுக்கும் காலிழந்தவர்களுக்கும் நம் நாட்டில் பழைய, நல்ல ஏற்பாடுகள் உண்டு. புனேயில் செயற்கை உறுப்பு மையம் 1944 முதல் இயங்குகிறது. தண்டுவடம் முறிந்தவர்களுக்கான மறுவாழ்வு மையம் கிர்க்கியில் 1974இல் தொடங்கியது. கண்ணுக்குத் தெரியும் புண்ணை அரசு கவனிக்கிறது. பத்தாண்டு கழித்து மெதுவாக வெளிப்படும் புண்ணில்தான் சிக்கல்.

இந்த இடத்தில் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் மருத்துவ மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நம் நிலத்தடி நீரில் புளூரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நம் கிணறுகள் பலவற்றில் அது மீறப்பட்டதால்தான் ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. எலும்பைத் தாக்கிய புளூரோசிஸ் முதுகை இறுக்கும், மூட்டை மடக்கவிடாது. முதுகெலும்பு அழற்சி நோய்போலவே தோன்றும். பென்னாகரத்துப் பையன் ஒருவன் குழந்தைப் பருவம் முழுக்க அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்கிறான், பிறகு பட்டாளத்தில் முதுகு நோகச் சுமக்கிறான் என்று வையுங்கள். 40 வயதில் அவன் குனிய முடியாமல் வரும்போது காரணம் எது? இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். அவனுக்கு வேண்டியது வலிக்கு மருத்துவம். காரணத்தைப் பிரித்துச் சொன்னால்தான் மருத்துவம் என்றால் அவன் என்ன செய்வான்?

மனத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். உறக்கம் வராதது, சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது, காரணமில்லாத சினம், இவற்றை ‘பட்டாளத்துக்காரர் கோபம்’ என்று குடும்பம் சிரித்துக் கடந்துவிடுகிறது. கேன்டீன் அட்டையோடு வரும் மதுப் பங்கீடு பல வீடுகளில் உறக்க மாத்திரையின் வேலையைச் செய்கிறது. நோயென்று அறியப்படாத நோய்க்குத் தவறான மருந்து அது. வீட்டில் அதன் விலையைக் கொடுப்பவர் மனைவி.

இ.சி.எச்.எஸ். வந்த கதை

முன்பெல்லாம் முன்னாள் படைவீரருக்கு ராணுவ மருத்துவமனைதான் கதி. தருமபுரிக்காரருக்குப் பெங்களூரின் விமானப்படை மருத்துவமனை ஏறத்தாழ 130 கிலோமீட்டர். சென்னையும் வெலிங்டனும் அதைவிடத் தொலைவு. அங்கும் பணியில் இருப்பவருக்கே முதலிடம்.

இந்த நிலையை மாற்றியது, மத்திய அரசு 2002 டிசம்பரில் ஒப்புதல் அளித்து 2003 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம். எல்லோர் வாயிலும் அது இ.சி.எச்.எஸ். ஒருமுறை பங்களிப்புச் செலுத்தினால் வாழ்நாள் முழுதும் தமக்கும், மனைவிக்கும், சார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் மருத்துவம். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு ஹவில்தார் வரையிலானவருக்கு 30,000 ரூபாய், நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000 என்று பங்களிப்பு நிர்ணயிக்கப்பட்டது. 1996க்கு முன் ஓய்வுபெற்றவர்களுக்குப் பங்களிப்பே இல்லை. நாடு முழுதும் 400க்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள் இயங்குகின்றன. அங்கே மருத்துவரைப் பார்த்து, தேவையென்றால் ‘ரெஃபரல்’ வாங்கிக்கொண்டு, அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனையில் கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். அவசரத்துக்கு எந்த மருத்துவமனையிலும் சேரலாம். ஆனால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போய்ச் சேர வேண்டும்.

நான் இத்திட்டத்தைக் குறைசொல்ல வரவில்லை. உழைக்கும் குடும்பங்கள் ஒரே ஓர் அறுவைச் சிகிச்சையில் நிலத்தை விற்று நிற்கும் நாட்டில், ஒரு சிப்பாயின் குடும்பத்துக்கு வாழ்நாள் மருத்துவம் என்பது பெரிய காரியம். தொலைவு, மருந்து இருப்பில் இல்லாமை, மருத்துவமனைகளுக்குப் பணம் தாமதமாகப் போவது என்று நீங்கள் சொல்லும் குறைகள் நிர்வாகக் குறைகள். முயன்றால் தீரும். நான் பேசுவது திட்டத்தின் வாசலைப் பற்றி. அந்த வாசலில் நிற்பவர் கையில் ஓய்வூதிய ஆணை, நீங்கள் ‘பிபிஓ’ என்று சொல்லும் தாள், இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

இரண்டு சொற்களில் தொங்கும் வாழ்க்கை

15 ஆண்டு முடிப்பதற்குள் நோயால் வெளியேற்றப்படுகிறவரின் நிலை என்ன? வெளியேறும்போது மருத்துவக் குழு ஒன்று அவரைப் பார்க்கிறது. நோய் எத்தனை விழுக்காடு, அது பணியால் வந்ததா அல்லது பணியால் மிகுந்ததா என்று அக்குழு எழுதும். ‘ஆம்’ என்று எழுதினால் ஊனமுற்றோர் ஓய்வூதியம். அதன்வழி மருத்துவத் திட்டம். ‘இல்லை’ என்று எழுதினால் அந்த ஓய்வூதியம் போகிறது; வேறு ஓய்வூதியத் தகுதியும் இல்லையென்றால் மருத்துவமும் போகிறது.

தரம்வீர் சிங் வழக்கை இதற்குச் சான்றாகச் சொல்லலாம். 1985இல் சிக்னல் பிரிவில் சேர்ந்தார். வலிப்பு நோய் வந்தது. 20 விழுக்காடு ஊனம் என்று கணித்து 1994இல் வெளியேற்றினார்கள். நோய் பணியால் வந்ததல்ல என்று எழுதப்பட்டதால் ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சேரும்போது குறை ஏதும் பதிவாகவில்லை என்றால் அவர் நலமாகவே சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். பிறகு வந்த நோய் பணியால் வரவில்லை என்று நிறுவும் பொறுப்பு அரசையே சேரும், வீரரை அல்ல என்பது அத்தீர்ப்பின் சாரம். பல்லாயிரம் பேருக்கு வழிகாட்டும் தீர்ப்பு அது. ஆனால் ஆண்டைக் கவனியுங்கள். வெளியேறியது 1994, தீர்ப்பு 2013. இடையில் 19 ஆண்டுகள். பண வழக்கு 19 ஆண்டு காத்திருக்கலாம். நிலுவைத் தொகை பிற்பாடு வந்து சேரும். வலிப்பு நோய்க்கு அன்றாடம் மாத்திரை வேண்டும். மாத்திரைக்கு நிலுவை கிடையாது.

இழப்பீட்டுக்குக் காரணம் கேட்பது நியாயம். பொதுப்பணத்தை வாழ்நாள் முழுதும் வழங்குமுன் ஆராயத்தான் வேண்டும். சிகிச்சைக்கும் அதே காரணத்தைக் கேட்பதுதான் நியாயமில்லை.

நான்காண்டு வீரர்கள்

இந்தக் கேள்வி இப்போது அவசரமாகியிருக்கிறது. 2022 ஜூன் 14 அன்று அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதில் சேரும் அக்னிவீரர் நான்காண்டு பணியாற்றுவார். 25 விழுக்காடு வரை நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்கள் வட்டியோடு சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியுடன் ஊர் திரும்புவார்கள். முதல் அணியினரின் நான்காண்டு 2026இன் இறுதியில் நிறைவடையத் தொடங்குகிறது. ஊர் திரும்புகிறவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதி இல்லை, கேன்டீன் இல்லை, இ.சி.எச்.எஸ். இல்லை. ஆட்சேர்ப்பு அறிவிப்பிலேயே இது தெளிவாக எழுதியிருக்கிறது. அறிந்துதான் சேர்கிறார்கள் என்று வாதிடலாம். பணியால் ஊனமுற்றால் 100, 75, 50 விழுக்காட்டுக்கு முறையே 44, 25, 15 லட்சம் ரூபாய் ஒருமுறை உதவி உண்டு.

மருத்துவன் கண்ணில் இதில் இரண்டு ஓட்டைகள் தெரிகின்றன. முழங்காலில் தசைநார் கிழிந்தவர், ஒரு காதில் கேட்கும் திறன் குறைந்தவர் போன்றோர் பெரும்பாலும் 50 விழுக்காட்டைத் தொடமாட்டார்கள். இரண்டாவது, மனநோய் வெளியேறும் நாளில் கைதூக்கிக் காட்டாது. ஆண்டுகள் கழித்தும் வரலாம். 22, 23 வயதில் ஊர் திரும்பி, சீருடை போய், அடையாளம் போய், வேலை தேடி நிற்கும் இளைஞன் கையில் 11 லட்சம் இருப்பதால் மட்டும் காக்கப்பட்டவன் ஆகிவிட மாட்டான். நம் ஊரில் அந்தப் பணத்துக்கு அக்காள் திருமணம், வீட்டுக் கடன், போர்வெல் என்று வரிசையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

திறந்த வாசல்கள்

ஓய்வூதியம் இல்லாதவருக்கு மருத்துவம் என்பது புதுமையான கோரிக்கை அல்ல. அரசே இருமுறை வாசலைத் திறந்திருக்கிறது. 2019 மார்ச்சில் இரண்டாம் உலகப் போர் வீரர்கள், அவசரகால ஆணை அதிகாரிகள், குறுகிய கால ஆணை அதிகாரிகள், முன்கூட்டியே விலகியவர்கள் ஆகியோரை இ.சி.எச்.எஸ்.-க்குள் சேர்க்க மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது. பயிற்சியின்போதே ஊனமுற்று வெளியேற்றப்பட்ட அதிகாரிப் பயிற்சியாளர்களின் நிலையை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அதே மாத இறுதியில் அவர்களுக்கும் இத்திட்டத்தைப் பாதுகாப்பு அமைச்சகம் விரிவுபடுத்தியது. பங்களிப்புத் தொகையையும் தள்ளுபடி செய்தது. பயிற்சி முடிக்காதவருக்கே வாசல் திறக்கிறது என்றால், நான்காண்டு எல்லையில் நின்றவருக்கு அதை மூடி வைப்பது எந்தக் கணக்கு?

வெளிநாட்டில் ஓர் எடுத்துக்காட்டு போதும். ஆஸ்திரேலியாவில் ஒரே ஒரு நாள் முழுநேரப் படைப்பணி செய்தவருக்கும் மனநலச் சிகிச்சை அரசு செலவில் கிடைக்கும். நோய் பணியால் வந்தது என்று அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. இழப்பீடு தனி, அதற்கு விசாரணை உண்டு, சிகிச்சைக்கு இல்லை. இவ்வளவு செய்தும் அங்கே படைவீரர் தற்கொலைகள் நாட்டையே உலுக்கின. அரச விசாரணை ஆணையம் ஒன்று 2021இல் அமைக்கப்பட்டு 2024 செப்டம்பரில் இறுதி அறிக்கை தந்தது. படையிலிருந்து விலகியவர்களுக்குள் தாமாக விரும்பி வெளியேறியவர்களைவிட, மருத்துவக் காரணங்களால் விருப்பமின்றி வெளியேற்றப்பட்டவர்களுக்கு ஆபத்து மிகுதி என்பது அந்நாட்டின் தரவுகள் காட்டும் உண்மை. வெளியேறும் விதமே ஒரு நோய்க் காரணி என்பது மருத்துவர்களுக்கு அதிலுள்ள பாடம்.

செலவுக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஹவில்தார் வரையிலானவரின் பங்களிப்பான 30,000 ரூபாய், சேவா நிதியில் நூற்றுக்கு மூன்று ரூபாய்கூட ஆகாது. பங்களிப்பு மட்டும் முழுச் செலவையும் ஈடுகட்டாது. அரசு கைகொடுத்துத்தான் ஆக வேண்டும். முழுக் குடும்பத்துக்கும் உடனே இயலாதென்றால், அவருக்கு மட்டும், அதுவும் பணிக்கால மருத்துவப் பதிவில் உள்ள காயங்களுக்கும் மனநலத்துக்கும் மட்டும் என்று தொடங்கட்டும். முதலில் முடிச்சு அவிழ வேண்டும்.

தருமபுரியில் நம்மால் ஆவது

டெல்லி முடிவெடுக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இங்கே கருவிகள் இருக்கின்றன. மாவட்ட ஆட்சியரின் தலைமையில் முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டம் நடக்கிறது. நிலப் பிரச்சினை, பட்டா, கடன் என்று மனுக்கள் குவிகின்றன. அதே கூட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு பொது மருத்துவரும், மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்து ஒருவரும் ஒரு மேசை போட்டு உட்காரட்டும். 2008இல் தொடங்கிய நம் கல்லூரிக்கு இது ஒரு சுமையாக இருக்காது. ரத்த அழுத்தம், சர்க்கரை, செவித்திறன், உறக்கம் பற்றி நான்கு கேள்விகள். அவ்வளவு போதும் தொடக்கத்துக்கு.

அடுத்தது ‘மக்களைத் தேடி மருத்துவம்’. நம் பழைய ஒன்றுபட்ட மாவட்டத்தின் பகுதியான கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று அத்திட்டம் தொடங்கப்பட்டது. வீடு தேடி வரும் அந்தப் பெண் தன்னார்வலரின் பதிவேட்டில், இந்த வீட்டில் படையில் இருந்தவர் உண்டா என்ற ஒரு கட்டம் சேர்ந்தால், சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் இருப்பவரும் கணக்குக்கு வருவார். அக்னிவீரராகத் திரும்பியவரையும் அந்தக் கட்டத்தில் சேர்க்க எந்தச் சட்டமும் தடையில்லை. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். இவர்களுக்கு அந்த வரம்பைத் தளர்த்த வேண்டும் என்று நாம் மாநில அரசைக் கேட்கலாம். முன்னாள் படைவீரர் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை கடனுக்கு ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தை 2024 சுதந்திர தின உரையில் அறிவித்த அரசிடம் கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

இங்கு வந்திருக்கும் வீரர்களுக்கு மூன்று வேண்டுகோள். டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பதுபோல, வெளியேறும்போது நடந்த மருத்துவக் குழு அறிக்கையின் நகலையும் பத்திரமாக வையுங்கள். இல்லையென்றால் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதிக் கேளுங்கள். ஊனமுற்றோர் ஓய்வூதியம் மறுக்கப்பட்டிருந்தால் மேல்முறையீட்டுக்கு ஆறு மாதக் கெடு உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். அதற்கும் மேல் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது. உறக்கம் கெட்டால், கை நடுங்கினால், 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். தமிழில் பேசலாம், பெயர் சொல்லாமலும் பேசலாம். 2023 டிசம்பரில் புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் படையினருக்கென்றே அதன் தனிப் பிரிவு தொடங்கப்பட்டது.

தாய்மார்களுக்கு ஒன்று. இ.சி.எச்.எஸ். அட்டையில் உங்கள் பெயரும் இருக்கிறது. அவரை அழைத்துப் போகும் நாளில் உங்கள் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டு வாருங்கள்.

மருத்துவ மாணவர்களுக்கும் ஒன்று. நோயாளியிடம் வயது, ஊர், தொழில் கேட்கிறீர்கள். ‘செக்யூரிட்டி’ என்று சொல்பவரிடம் நிறுத்திவிடாதீர்கள். அதற்கு முன்பு என்ன வேலை, எந்தப் படை, எத்தனை ஆண்டு, எங்கெங்கே இருந்தீர்கள் என்று கேளுங்கள். புறநோயாளிச் சீட்டில் அதை எழுதுங்கள். மருத்துவர் எழுதும் அந்த ஒரு வரி நாளை மேல்முறையீட்டில் சான்றாகலாம். கொள்கை வகுப்போர் கேட்கும்போது மாவட்டத்தின் கணக்காகவும் ஆகலாம். 2027இல் முதல் அக்னிவீரர்கள் உங்கள் முன் வந்து உட்காரும்போது, கேட்பதற்கு அந்தக் கேள்வி உங்களிடம் தயாராக இருக்கட்டும்.